மண் எடுத்த இடம்

1

சென்ற வெள்ளிக்கிழமை ஆய்வகத்தில் எனக்காக ஒரு கேக் வெட்டினார்கள். பச்சை சர்க்கரைப் பூச்சு, பதினோரு கண்டம், சாக்லேட்டில் கால்கள். ஒரு புழு. என் ஒப்பந்தம் நிரந்தரமானதைக் கொண்டாட சக ஊழியர்கள் இரண்டு மாலைகள் செலவழித்துச் செய்தது. மரியாதைக்காகத் தலைப் பகுதியை என் தட்டில் வைத்தார்கள். உள்ளே பிஸ்தா கிரீம். புழுவைக் கீறினால் வெளியே வருவதும் அதே நிறம்தான். நாளொன்றுக்கு முப்பது புழுவின் குடலைத் திறக்கிறவனாகையால் இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

தட்டோடு கழிப்பறைக்குப் போய்க் கொட்டிவிட்டுத் திரும்பினேன். பிடித்திருந்ததா என்று கேட்டார்கள். மிகவும் என்றேன். ஆறு ஆண்டுகளில் பிழையில்லாமல் பேசக் கற்றுக்கொண்ட பிரெஞ்சு வாக்கியங்களில் அது ஒன்று.

அந்த ஒப்பந்தம் எப்படி நிரந்தரமானது என்பதை ஊரில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் கூனிமேட்டில் பிறந்தவன். புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு நாளிதழுக்கு ஒன்பது ஆண்டுகள் மரக்காணம் நிருபராக இருந்தேன்; இடையிடையே அலுவலகத்தில் உதவி ஆசிரியர் மேசையிலும் உட்கார்ந்தேன். என் மனைவி ஷமீமின் அத்தாவுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. அந்தக் கதவு வழியாக 2000-இல் இங்கே வந்தோம். பிரான்சின் தெற்கில் ஒரு நடுத்தர நகரம். எங்கள் மகள் ஃபரிதாவுக்கு அப்போது எட்டு வயது.

2

வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் புழு வளர்க்கிறேன். நம் விவசாயிகள் காய்ப்புழு என்று திட்டுவார்களே, அது. கொண்டைக்கடலை மாவும் ஈஸ்ட்டும் கடற்பாசிக் கூழும் சேர்த்துக் காய்ச்சி அதற்குத் தீனி செய்ய வேண்டும். புளித்துக் கெட்டுப்போன மாவின் வாடை. புழு ஒவ்வொன்றையும் தனிக் கிண்ணத்தில் வைக்க வேண்டும். சேர்த்து வைத்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். வளர்ந்த பிறகு அதன் கழுத்தைச் சாமணத்தால் மெல்ல அழுத்தினால் பச்சையாக வாந்தி எடுக்கும். அந்த வாந்தியை நுண்குழலில் உறிஞ்சி ஐஸ் மேல் சேமிக்க வேண்டும். இதற்குத்தான் சம்பளம்.

குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கப் போனபோது, புழு வளர்க்கிறேன் என்று சொன்னேன். அலுவலகத்தில் இருந்த அம்மாள் கணினியில் ‘விவசாயத் தொழிலாளர்’ என்று தட்டினார். ஆய்வகம் என்றேன். ‘ஆய்வகத்தில் விவசாயம் கிடையாது’ என்றார். அதைத் திருத்த நான்கு முறை போனேன். நான்காவது முறை ‘கால்நடை’ என்று மாற்றினார்கள். அதோடு விட்டுவிட்டேன்.

ஃபரிதா தன் பள்ளிப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் ‘உயிரியலாளர்’ என்று எழுதியிருக்கிறாள். நான் சோற்றுத் தட்டை எடுத்துக் கொடுத்தால் வாங்கமாட்டாள். “அத்தா, கை” என்பாள். மூன்று முறை சோப்பு போட்ட கை. வீட்டில் அவள் தமிழ் அநேகமாக அந்த அளவில் நின்றுவிட்டது. கை, வேணாம், போறேன், பசிக்கல.

3

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. விடுமுறைக்கு எங்கே போனாலும் ஒரு கரண்டி மண் கொண்டுவர வேண்டும். மூடி போட்ட பிளாஸ்டிக் குழாய்களை அவர்களே கொடுத்தனுப்புவார்கள். மண்ணில் பாக்டீரியா இருக்கும். சில வகை பாக்டீரியாக்கள் உடம்புக்குள் ஒரு படிகம் செய்து வைத்திருக்கும். புழு அதைத் தின்றால் குடல் ஓட்டையாகிச் சாகும். பி.டி. பருத்தி என்று நம் ஊரில் சண்டை நடக்கிறதே, அந்தக் குடும்பம். எந்த மண்ணில் எந்த நச்சு இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே கிரீஸிலிருந்து ஒரு கரண்டி, மொராக்கோவிலிருந்து ஒரு கரண்டி. ஒரு கிண்ணம் நிறையக் கூழாங்கல் கொண்டுவந்து திட்டு வாங்கியவரும் உண்டு.

2004 ஜூலையில் ஊருக்கு வந்தபோது என் பெட்டியில் ஏழு குழாய்கள் இருந்தன. அனுமந்தைக் கடற்கரையில் ஒன்று, பிரம்மதேசம் வயலில் ஒன்று என்று நிரப்பினேன். மரக்காணம் பேருந்து நிலையத்தருகே மளிகைக்கடை வைத்திருக்கும் மச்சான், என் அக்காவின் கணவர், வேடிக்கை பார்த்துவிட்டுச் சொன்னார்:

“மாப்ள, சும்மா கண்ட எடத்துல தோண்டிக்கிட்டு இருக்க. உப்பளத்துல அஞ்சலையக் கேளு. ஏதோ ஒரு வரப்புல புழுவே நிக்காதுன்னு கடையில வந்து சொல்லிக்கிட்டு இருப்பா.”

அவருடைய பைக்கில் போனோம். அஞ்சலைக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். உப்பு வாரும் தொழிலாளி. தலையில் கூடையோடு கரையேறி, கொட்டிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“பேப்பர்கார பாயா? இன்னா இவ்ளோ வெளுத்துட்டீங்க?”

“குளிர் ஊரு, அக்கா.”

“எம் பேரு ஞாபகம் இருக்குதா?”

“அஞ்சலை.”

“ஞாபகம் இருக்குது. அப்ப பேப்பர்ல மட்டும் ஏன் வரல?”

மச்சான் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. நிருபராக இருந்தபோது உப்பளத் தொழிலாளர்களின் காலைப் பற்றி ஒரு செய்தி எழுதினேன். உவர்நீரில் நின்று நின்று பாதம் வெடித்து, வெடிப்புக்குள் உப்பு ஏறும். செய்தியில் பேசியவர் அஞ்சலை. அவர் பெயரை வாக்கியத்தின் கடைசியில் வைத்திருந்தேன். அலுவலகத்தில் இடம் போதவில்லை என்று வெட்டி ‘ஒரு பெண் கூறினார்’ என்று முடித்தார்கள். அஞ்சலை அன்றைக்குப் பேப்பர் வாங்கி, டீக்கடையில் ஒருவரை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

இப்போது வந்த காரியத்தைச் சொன்னேன்.

“ஏன், ஃபிரான்சுல மண்ணு இல்லியா?”

“இருக்குது. இது மாதிரி இல்ல.”

“வாங்க” என்று முன்னால் நடந்தார். மூன்றாவது வரப்பில் உமரிச் செடி அடர்ந்திருந்தது. குனிந்து ஒரு கிளையைப் புரட்டிக் காட்டினார். புழுக்கள் கறுத்து, தலைகீழாக, தண்ணீர் நிறைந்த பைபோலத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்று அவர் விரல் பட்டு உடைந்தது.

“பாத்தீங்களா? அடுத்த வரப்புல தின்னு தின்னு கொழுத்துக் கெடக்கும். இங்க வந்தா செத்துச்சு. வருசா வருசம் இப்பிடித்தான். மருந்து கிருந்து யாரும் அடிக்கல. மேஸ்திரிகிட்ட சொன்னேன், உப்ப வாருடின்னு சொல்லிட்டான்.”

வேரடி மண்ணை எடுத்து ஆறாவது குழாயில் போட்டேன்.

“இந்த மண்ணு அங்க போயி பரிச்ச எழுதப் போவுதாக்கும்?”

“ஆமாக்கா.”

“பாஸாச்சுன்னா எம் பேரப் போடணும் பாய். ஒரு பெண்ணுன்னு போடக்கூடாது.”

போடுகிறேன் என்றேன். அவர் கண்முன்னாலேயே லேபிள் எழுதினேன். நிருபர் பழக்கம் விடவில்லை. முதலில் ஊர், பிறகு மாதம், பிறகு தகவல் தந்தவர்: ‘மரக்காணம், ஜூலை. உமரி வரப்பு, மூன்றாவது. காட்டியவர்: அஞ்சலை.’ அவசரத்தில் தமிழிலேயே எழுதிவிட்டேன். அங்கே அதைப் படிக்க என்னைத் தவிர ஆள் இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

இப்படி மண்ணை வெளிநாட்டு ஆய்வுக்கு எடுத்துப் போக அனுமதி வாங்க வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் வந்திருந்ததும் தெரியாது. ஒரு காலத்தில் சட்டச் செய்திகளை மொழிபெயர்த்துப் பிழைத்தவன்.

அந்த டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. வரப்புகள் போயின. அஞ்சலை பிழைத்தார். உமரி வரப்பு இருந்த இடத்தில் சேறுதான் இருக்கிறது என்று மச்சான் தொலைபேசியில் சொன்னார்.

4

ஏழு குழாய்களில் ஆறாவதுதான் தேறியது. மண்ணைக் கரைத்துச் சூடாக்கி, மற்றதெல்லாம் செத்த பிறகு மிஞ்சியதை வளர்த்தார்கள். நுண்ணோக்கியில் படிகம் தெரிந்தது. என் புழுக்களுக்குப் போட்டோம். இரண்டாம் நாள் தீனியை நிறுத்தின. மூன்றாம் நாள் கறுத்தன. அஞ்சலை கிளையைப் புரட்டிக் காட்டியது இங்கே கிண்ணத்தில் இருந்தது.

அடுத்த வேலை செலின் என்ற இளம் விஞ்ஞானியுடையது. அந்த நச்சுப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவை அவள் கணினியில் புதிதாக எழுதினாள். இதைப் பார்க்கத்தான் எனக்கு அந்த இடத்தில் பிடித்திருந்தது. மரபணு நான்கே எழுத்தில் எழுதப்படுகிறது. மூன்று மூன்று எழுத்தாகப் படிக்க வேண்டும். ஒரே பொருளுக்குப் பல எழுத்துக்கூட்டல் உண்டு. பாக்டீரியாவின் எழுத்துக்கூட்டலை எடுத்துவிட்டு, தனக்கு வசதியானதைப் போட்டுக்கொண்டு வந்தாள். துண்டுகளை இணைக்கும்முன் நறுக்கப் பயன்படும் கத்தரி நொதிகள் தவறான இடத்தில் வெட்டக்கூடிய சொற்களைத் தேடித் தேடி மாற்றினாள். பொருள் மாறாமல் வாசகத்தை மாற்றுவது. உதவி ஆசிரியர் மேசையில் நாங்கள் செய்ததும் இதுதான்.

கூடவே ஒரு டேக் சேர்த்தாள். அது ஓர் அடையாளத் துண்டு. புரதம் எங்கே போனாலும் அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். எழுதி முடித்ததை மின்னஞ்சலில் ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினாள். சில வாரங்களில் தபாலில் ஒரு குழாய் வந்தது. அடியில் காய்ந்துபோன ஏதோ ஒன்று, கண்ணுக்கே தெரியவில்லை. அதுதான் மரபணு. மரக்காணத்து மண் ஒரு துகள்கூட அதில் கிடையாது.

முதல் முறை டேக்கைப் புரதத்தின் தலையில் வைத்திருந்தாள். புழு செத்தது. ஆனால் குடல் சாற்றில் டேக்கைக் காணவில்லை. நான் வாந்தியைச் சரியாக எடுக்கவில்லை என்று சந்தேகப்பட்டாள். மறுபடி எடுத்தேன். அறுபது புழு. இல்லை. இரண்டாவது முறை வாலில் வைத்தாள். அப்போதும் இல்லை.

விஷயம் எளிது. நச்சு உயிர்பெறுவதே புழுவின் குடலில்தான். அங்கே உள்ள சாறு அதன் தலையில் கொஞ்சத்தை நறுக்கும், பின்பாதியை அறுத்துத் தள்ளும். நடுவில் மிஞ்சுவதுதான் கொல்கிறது. இது புத்தகத்தில் இருப்பது, செலினுக்குத் தெரிந்தது. வெட்டு தன் டேக்குக்கு வெளியே விழும், டேக் தப்பிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

“எங்கள் பத்திரிகையிலும் அப்படித்தான்” என்றேன். “தலையிலும் வாலிலும் இருக்கிற பெயர் அச்சுக்கு வராது. எடுத்தால் வாக்கியமே விழுந்துவிடும் என்கிற இடத்தில் வைக்க வேண்டும்.”

“அங்கே வைத்தால் நச்சு வேலை செய்யாமல் போகலாம்.”

“போகலாம்.”

மூன்றாவது வடிவத்தில், சாறு வெட்டாத ஒரு மடிப்பில், உள்ளே வைத்தாள். புழு செத்தது. குடலில் டேக் இருந்தது. செலின் என் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு ஓடினாள். இது 2006 வசந்தத்தில்.

5

மே மாதம் இயக்குநர் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். நான்கு ஆண்டுகளில் முதல் முறை. மேசையில் ஒரு படிவம். கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கோரிப் பதிவு செய்வதற்கு முன் நிரப்ப வேண்டியது. ‘மண் எடுத்த இடம்’ என்ற வரி காலியாக இருந்தது. அதற்கு எதிரே சேகரித்தவர் கையெழுத்து.

“நம் தெற்குக் கடற்கரையிலும் உப்பளங்கள் இருக்கின்றன, இல்லையா?” என்றார்.

“இருக்கின்றன.”

“குடும்பத்தோடு போயிருப்பீர்கள்.”

“போனதில்லை.”

“போகலாம். அழகான இடம்.”

பிறகு அவர் கண்ணியமாக விளக்கினார். இந்தியா என்று எழுதினால் அனுமதி எங்கே என்று கேட்பார்கள். கேட்டால் இரண்டு ஆண்டு உழைப்பு முடங்கும். செலினின் வருங்காலமும் அதில் இருக்கிறது. மேலும் இந்த மரபணு இயந்திரத்தில் செய்யப்பட்டது, மண்ணிலிருந்து எடுத்ததே இல்லை.

“லேபிளில் இடம் எழுதியிருக்கிறேன்” என்றேன்.

“அதை உங்களைத் தவிர யாராலும் படிக்க முடியாதே. அந்த வரப்பே இப்போது இல்லை என்று நீங்கள்தானே செலினிடம் சொன்னீர்கள்.”

காபி வந்தது. சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே, என் ஒப்பந்தம் ஜூலையில் முடிகிறது என்பதை நினைவூட்டினார். இரண்டையும் அவர் சேர்த்துச் சொல்லவில்லை. நடுவில் காபி இருந்தது.

படிவத்தை வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஷமீம் முதியோர் இல்லத்தில் வேலை முடித்து அப்போதுதான் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“கையெழுத்து போட்டுருங்க” என்றாள். “வருசா வருசம் ஜூலை வந்தா கன்டிராக்ட் இருக்குமா இருக்காதான்னு கெடக்குறோம். எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு.”

“அஞ்சலைகிட்ட பேர் போடுறேன்னு சொல்லிருக்கேன்.”

“அஞ்சலைக்கு இதுல இன்னாங்க நஷ்டம்? மண்ணா சோறு போடப் போவுது?”

ஃபரிதா படிவத்தை வாங்கிப் படித்தாள். பதினான்கு வயதில் அரசாங்கப் பிரெஞ்சைச் சரளமாகப் படிக்கிறாள். மூன்று இடங்களில் என் எழுத்துப் பிழையைக் காட்டினாள். பிறகு பிரெஞ்சில், “மண் எங்கிருந்து வந்தால் யாருக்கு என்ன அத்தா? மண் மண்தானே” என்றாள். என் கையெழுத்து புரியவில்லை என்று படிவங்கள் திரும்பி வருவது வழக்கமாகையால், பேனாவை அவளே எடுத்தாள். நான் சொன்னேன். அவள் எழுதினாள். தெற்குக் கடற்கரை உப்பளத்தின் பெயரை, ஒரு பிழையில்லாமல், அழகான கையெழுத்தில். அரை நிமிடம் ஆகியிருக்கும். மரக்காணம் என்று தமிழில் எழுத அவளுக்குத் தெரியாது. நான் கீழே கையெழுத்திட்டேன்.

மறுநாள் மண்ணை வேறு குழாய்க்கு மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். பழைய குழாயைக் கழிவு வாளியில் போட்டேன். அந்த வாளியில் அன்றைய புழுக்கள் இருந்தன. கழிவைக் கொட்டுவதற்கு முன் கொதிநீராவியில் அவிக்க வேண்டும் என்பது விதி. அவிக்கிறவனும் நான்தான். மூடியைத் திறந்தபோது லேபிளின் மை பரவி, ‘காட்டியவர்’ வரைக்கும் தெரிந்தது.

அருவருப்பைப் பற்றி எனக்கு ஓரளவு தெரியும் என்று நினைத்திருந்தேன். வாந்தி, குடல், அழுகிய தீனி எல்லாம் கையில் படுவது. சோப்பு போட்டால் போய்விடும்.

6

கேக் வெட்டிய மறுநாள் மச்சான் கடைக்குத் தொலைபேசி செய்தேன். நிரந்தரமான செய்தியைச் சொன்னேன். “மாஷா அல்லாஹ்” என்றவர், “இரு மாப்ள, ஓராளு இங்க பக்கத்துலயே நிக்கிறாங்க, பேசணுமாம்” என்று கொடுத்தார்.

“பாய், நாந்தான். நம்ம மண்ணு பரிச்ச எழுதப் போச்சே, பாஸா, ஃபெயிலா?”

“பாஸுக்கா.”

“பாஸாம்” என்று கடையில் இருந்தவர்களிடம் சொல்வது கேட்டது. யாரோ ஏதோ கேலி பேச, “ஆமா, நீ எட்டாவதே தாண்டல, எம் மண்ணு ஃபாரின்ல பாஸாயிடுச்சு, போடா” என்றார். பிறகு என்னிடம், “பேப்பர்ல வந்துச்சா?”

“இன்னும் இல்லக்கா.”

“வரும்போது பாத்துப் போடுங்க. ஒரு பெண்ணுன்னு போட்றாதீங்க.” சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

எங்கள் நாளிதழில் தவறு நேர்ந்தால் உள்பக்கத்தில் சிறிய எழுத்தில் திருத்தம் வரும். ஆசிரியருக்கு அது பிடிக்காது. ஆனால் போடாமல் விட்டதில்லை. மற்றவர்களுடைய தவறுகளுக்கு அப்படி நிறைய எழுதியிருக்கிறேன்.

நேற்று ஒன்று எழுதினேன். பிரெஞ்சில் எழுதித் தரும்படி ஃபரிதாவைக் கேட்டேன். திங்கட்கிழமை இயக்குநர் மேசையில் வைக்க வேண்டும். அவள் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

“வேல போயிடும் அத்தா.” தமிழில் சொன்னாள்.

“போகலாம்.”

என் நிரந்தர ஒப்பந்தத்தின் ஏழாவது பக்கத்தில், பொய்த் தகவல் கொடுத்தால் அது ரத்தாகும் என்று இருக்கிறது. கொடுத்த பொய்யைத் திருத்தினால் என்ன ஆகும் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. ஷமீம் எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். ஃபரிதா பேனாவை எடுத்து, அஞ்சலை என்பதைப் பிரெஞ்சில் எப்படி எழுதுவது என்று கேட்டாள். இரண்டு முறை சொல்லிக் காட்டினேன். தமிழ் மூலம் இது:

திருத்தம்: கண்டுபிடிப்புப் படிவத்தில் மண் எடுத்த இடம் பிரான்சின் தெற்குக் கடற்கரை உப்பளம் என்று இருப்பது தவறு. அது 2004 ஜூலையில் தமிழ்நாட்டில், மரக்காணம் உப்பளத்தின் மூன்றாவது வரப்பில், அனுமதி பெறாமல் எடுக்கப்பட்டது. அந்த வரப்பில் புழு நிற்பதில்லை என்பதை, இந்த ஆய்வகத்தில் எவரும் அறியும் முன்பே, அங்கே உப்பு வாரும் அஞ்சலை என்பவர் பல ஆண்டுகளாகக் கவனித்து வைத்திருந்து காட்டியதால்தான் அது கிடைத்தது. தவறான தகவலுக்குக் கையெழுத்திட்டவன் நான்.